கடைசி மூன்று நாள்

கோழி முட்டை குஞ்சாவதற்கு 21 நாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் அந்த 21 நாளும் ஒரே மாதிரியான நாட்கள் அல்ல என்பது கூடவே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் 18 நாள் ஒரு ரகம். கடைசி மூன்று நாள் வேறொரு ரகம். முதல் 18 நாளில் மனிதனுக்கு வேலை இருக்கிறது. முட்டையைத் திருப்பி வைக்கலாம். விளக்கில் பிடித்துப் பார்க்கலாம். வெப்பநிலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டு, பெரிய விஞ்ஞானியைப்போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொள்ளலாம். கடைசி மூன்று நாளில் வேலை முழுவதும் முட்டைக்கு உள்ளே போய்விடுகிறது. வெளியே இருக்கிறவனுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைத் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை. அது எத்தனை சிரமமான காரியம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கதை எழுதுகிறவனுக்குக் கோழி முட்டையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி அதை வெகு நாட்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் பேரன் ஒரு கோடை விடுமுறையில் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது செய்துவிட்டுப் போன பெட்டி அது. மருந்துக் கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு இரண்டு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சிறு விசிறி, சூடு ஏறினால் விளக்கை அணைத்து இறங்கினால் ஏற்றுகிற தெர்மோஸ்டாட் ஒன்று, ஒரு தண்ணீர்க் கிண்ணம், கண்ணாடித் தெர்மாமீட்டர், இவ்வளவுதான். மூடியில் ஒரு கண்ணாடிச் சில்லைப் பதித்திருந்தான். உள்ளே 37.5 டிகிரி சென்டிகிரேடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். பழைய கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 100 டிகிரி. நமக்கு அந்தச் சூடு வந்தால் கஞ்சி குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்போம். முட்டைக்கு அதுதான் ஆரோக்கியம். நானும் இரண்டு முறை அந்தப் பெட்டியில் குஞ்சு பொரித்திருந்தேன். ஆகையால் எங்கள் தெருவில் எனக்குக் கதாசிரியன் என்பதைவிடப் பெட்டிக்காரர் என்ற பெயர்தான் நிலைத்திருந்தது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழவீட்டுப் பெரியம்மா எனக்குப் பத்து வயது மூத்தவள். தனிக்கட்டை. பத்துப் பதினைந்து தென்னை மரங்களும் ஓர் ஓட்டு வீடும் ஏழெட்டுக் கோழிகளும்தான் அவளுடைய சாம்ராஜ்யம். அந்தக் கோழிகளின் வம்சம் அவள் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த வெடைக்கோழியின் வழி என்று சொல்லுவாள். எல்லாம் கறுப்பில் செம்புள்ளி விழுந்தவை. 2018-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி, அதில் ஒன்றை 13 முட்டையில் அடை வைத்தாள். கூடையில் மணல் பரப்பி, ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்திருந்தாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும், இரும்பு இடியைத் தாங்கிக்கொள்ளும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இடிக்கும் கூமுட்டைக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அது கெடக்கட்டும் தம்பி, ஒரு மொளகாய்க்கு என்ன நட்டம்" என்பாள். அதற்குப் பதில் சொல்வது எளிதல்ல.

எட்டாம் நாள் தீபாவளி. யாரோ பையன்கள் திண்ணையோரம் கொளுத்திய சரவெடிக்கு மிரண்டு, அடைக்கோழி கூடையை விட்டுப் பறந்து தெருவில் இறங்கியது. நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. பெரியம்மா முந்தானையில் முட்டைகளை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள். தொட்டுப் பார்த்தேன்; சூடு முழுதும் போகவில்லை. பெட்டியில் வைத்தோம். இரண்டு நாள் கழித்து விளக்கில் பிடித்துப் பார்த்ததில் இரண்டு தெளிவாக வெறுமையாக இருந்தன, எடுத்துவிட்டேன். பதினொன்று மிஞ்சியது. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் சுழியும் பென்சிலால் போட்டு, நாளைக்கு ஐந்து முறை திருப்பினேன். திருப்பாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொண்டுவிடும். கோழி இதை அலகாலும் காலாலும் நாள் முழுதும் செய்கிறது. அதற்குப் பென்சில் வேண்டியதில்லை. இரும்பு, கரி, மிளகாய் மூன்றும் என் தெர்மாகோல் பெட்டிக்குள்ளும் வந்து சேர்ந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி அந்த 18-ஆம் நாளைப் பற்றி. அன்றிலிருந்து முட்டையைத் திருப்பக் கூடாது. உள்ளே இருக்கும் குஞ்சு தலையை வலது இறக்கைக்கு அடியில் செருகி, அலகை முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையின் பக்கமாக வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்குகிறது. பிரயாணத்துக்கு மூட்டை கட்டி வாசலில் வைத்த மாதிரி. அந்தச் சமயத்தில் நாம் உருட்டிக் குழப்பக் கூடாது. அதுவரையில் குஞ்சுக்கு மூச்சு என்பது ஓட்டுக்கு அடியில் படர்ந்திருக்கும் ரத்தக் குழாய்களின் வழியாகத்தான். ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே பிராணவாயு உள்ளே வருகிறது, ஈரமும் கரியமிலவாயுவும் வெளியே போகின்றன. அடையிருந்த நாளெல்லாம் முட்டை இப்படி ஈரத்தை இழந்து, எடையில் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. குறைய வேண்டும், குறைந்தால்தான் காற்றறை பெரிதாகும். ஆனால் கடைசி மூன்று நாளில் நிலைமை தலைகீழ். ஓடு விரிசல் விட்ட பிறகு காற்றில் ஈரம் இல்லையென்றால், உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் காகிதம்போல ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் அதனால் திரும்ப முடியாது. ஆகவே அதுவரை நூற்றுக்கு ஐம்பது என்றிருந்த ஈரப்பதத்தை 65, 70 வரை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு மூடியை மூடிவிட வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஆசைதான் இந்தத் தொழிலில் பெரிய எதிரி. ஒரு தடவை திறந்தால் அத்தனை நேரம் சேர்த்த ஈரமும் ஒரு மூச்சில் போய்விடும்.

பெரியம்மாவின் முட்டைகளுக்கு 18-ஆம் நாள் எது தெரியுமா? நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய நாள். கஜா என்றால் யானை. இலங்கை கொடுத்த பெயர். யானை வாழைத் தோட்டத்தில் புகுந்தால் என்ன ஆகுமோ அதுதான் அன்றைக்குத் தஞ்சை ஜில்லாவின் தெற்குப் பகுதியில் தென்னந்தோப்புகளுக்கு ஆயிற்று.

வியாழக்கிழமை முன்னிரவிலேயே மின்சாரம் போய்விட்டது. காற்று பலக்கத் தொடங்கியதும் பெரியம்மாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். எங்களுடையது தளம் போட்ட வீடு. ஒரு துணிப்பையும் ரேஷன் கார்டும் வெற்றிலைப் பெட்டியும் கையில் இருந்தன. கோழிகளைக் கூட்டில் அடைத்துக் கதவைச் சாத்திக் கல் வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

அந்த இரவை நான் விவரிக்கப் போவதில்லை. விவரித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளியே மரங்கள் விழுகிற சத்தத்துக்கு நடுவே நான் செய்துகொண்டிருந்த காரியத்தை மட்டும் சொல்கிறேன். பெட்டியின்மேல் இரண்டு கம்பளியைப் போர்த்தினேன். கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, எவர்சில்வர் தூக்குவாளிகளில் ஊற்றி மூடி, துணி சுற்றி, முட்டைகளுக்கு இரு பக்கமும் படாமல் வைத்தேன். மூன்று மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினேன். கம்பளியை முழுக்க இறுக்கி மூடவில்லை. ஒரு மூலையில் விரல் போகிற அளவுக்குச் சந்து விட்டேன். 18 நாள் முடிந்த குஞ்சுக்குச் சூடு எவ்வளவு அவசியமோ அவ்வளவு காற்றும் அவசியம். குளிருக்குப் பயந்து மூச்சு முட்ட வைத்துவிடக் கூடாது.

இதில் ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. முதல் வாரத்துக் கருவுக்குச் சொந்தச் சூடு கிடையாது. ஆனால் 18 நாளான குஞ்சு தானே கொஞ்சம் சூடு உண்டாக்குகிறது. பதினொரு முட்டை ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தால், ஒரே கம்பளிக்குள் படுத்த குழந்தைகள்போல, ஒன்றை ஒன்று காய்ச்சிக்கொள்ளும். சில மணி நேரம் சூடு இறங்கினாலும் தாங்கிவிடும். ஆனால் பொரிப்பது தாமதமாகும். சூடு மிஞ்சினால்தான் ஆபத்து. ஆகையால் பயத்தில் வெந்நீரை அளவுக்கு மேல் ஊற்றிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். விடியும்போது தெர்மாமீட்டர் 34-ல் நின்றது.

இருட்டில் டார்ச் விளக்கின் பாட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. தெர்மாமீட்டரை அடிக்கடி பார்க்க முடியவில்லை. பெரியம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையின்மேல் ஒரு கணம் வைப்பாள். "கொஞ்சம் ஆறியிருக்கு, மாத்து" என்பாள். பார்த்தால் சரியாக இருக்கும். எகிப்து தேசத்தில் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கிற பழைய தொழிலாளிகள், தெர்மாமீட்டர் இல்லாமல் இதே கண்ணிமைச் சோதனையைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். ரியோமூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அந்த எகிப்திய வித்தையால் வசீகரிக்கப்பட்டு, செயற்கைச் சூட்டில் குஞ்சு பொரிப்பதைப் பற்றி 1749-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். பெரியம்மாவுக்கு எகிப்தும் தெரியாது, ரியோமூரும் தெரியாது. உடம்பில் எந்த இடத்துத் தோல் மெல்லியது என்பது தெரியும்.

விடிந்ததும் வெளியே போய்ப் பார்த்தோம். தெருவே இல்லை. மரங்களுக்குமேல் ஏறி இறங்கித்தான் கீழவீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பெரியம்மாவின் தென்னைகளில் மூன்றுதான் நின்றன. கூரையில் பாதி ஓடு இல்லை. கோழிக்கூட்டின்மேல் ஒரு தென்னை குறுக்கே கிடந்தது. அவள் அந்த மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, பெட்டியின் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் வம்சக் கோழிகளில் மீதி இருந்தது அந்தப் பெட்டிக்குள் இருந்த பதினொன்றுதான்.

ஊரெல்லாம் தென்னையை இழந்து நிற்கும்போது பதினொரு முட்டைக்காக ஒரு வீட்டில் வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள் என்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும். அந்த வாரத்தில் எங்களைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். மரம் அறுத்துக் களைத்து வருகிறவர்கள் "என்ன, சத்தம் கேட்டுதா?" என்றுதான் விசாரித்தார்கள். இரண்டு பேர் தங்கள் வீட்டுத் தூக்குவாளிகளையும் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

சனிக்கிழமை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, 20-ஆம் நாள், பெரியம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டைகளைப் போட்டுப் பார்க்கலாம் என்றாள். உயிருள்ள முட்டை தண்ணீரில் மிதந்து ஆடும், செத்தது சும்மா கிடக்கும். பழைய சோதனைதான், பொய்யும் அல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். நான் ஒப்பவில்லை. "அப்ப காதுல வச்சுப் பாக்கறேன்" என்று ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். இரண்டாவதை வைத்தாள். மூன்றாவதை வைத்ததும் அப்படியே இருந்தாள். என்னிடம் நீட்டினாள்.

முட்டைக்குள்ளிருந்து வருகிற அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? வெகு தூரத்தில் ஒரு குருவி தூக்கத்தில் பேசுவதுபோல இருக்கும். குஞ்சு அலகால் உள்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போதுதான் அது வாழ்க்கையில் முதன்முதலாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. அந்தச் சிறு அறையிலுள்ள காற்று எத்தனை நேரத்துக்குப் போதும்? கரியமிலவாயு மிகுந்து, பிடரித் தசை துடிக்கத் தொடங்கும். பொரிப்பதற்கென்றே அந்தத் தசை அந்த நாட்களில் பருத்திருக்கும். வெளியே வந்ததும் வற்றிவிடும். அலகின் நுனியில் ஒரு சின்ன வெள்ளைக் கொம்பு இருக்கும், முட்டைப்பல் என்று சொல்லலாம். அதுவும் சில நாளில் உதிர்ந்துவிடும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஓட்டை உள்ளிருந்து உந்துகிறது.

பெரியம்மா முட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு, கம்பளிச் சந்தில் வாயை வைத்து, அடைக்கோழி கேறுவதுபோல நாக்கை மடித்துக் "கொக்… கொக்…" என்று மெதுவாகக் குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து பதில் வந்தது! தாய்க்கோழி கடைசி நாட்களில் இரைக்குக்கூட எழுந்திருக்காமல் இதைத்தான் செய்துகொண்டிருக்கும். முட்டைகள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்கின்றன. காடை முட்டைகளை அருகருகே வைத்தால், உள்ளிருக்கும் குஞ்சுகள் போடும் சிறு சொடுக்குச் சத்தத்தைக் கேட்டுப் பின்தங்கியவை வேகம் கொண்டு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கின்றன என்பதை மார்கரெட் வின்ஸ் என்ற அம்மையார் 1960-களில் கேம்பிரிட்ஜில் சோதித்துக் காட்டியிருக்கிறார். அன்றிரவு பெரியம்மா தூங்கவே இல்லை. கண்ணயர்ந்து விழிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் "கொக் கொக்" கேட்டது.

திங்கட்கிழமை 21-ஆம் நாள். காலையில் நாலு முட்டைகளில் நட்சத்திரம் தெறித்ததுபோலக் கீறல் இருந்தது. மாலை ஆயிற்று. கீறல் கீறலாகவே இருந்தது. மேலும் மூன்றில் விழுந்தது. ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. இரவு எட்டு மணிக்குப் பெரியம்மா, "ஏந் தம்பி, இருவத்தோரு நாளு முடிஞ்சு போச்சே" என்றாள். "காற்றடித்த ராத்திரி ஆறிப்போனதில் ஒரு நாள் பின்தங்கியிருக்கு, பெரியம்மா" என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று அந்தக் கீறலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்குக் குஞ்சு களைத்துப்போய்க் கிடப்பதாகத் தோன்றும். ஓட்டை உடைத்த வீரன் ஏன் உடனே வெளியே வரவில்லை? அது களைப்பு அல்ல. காற்று வர வழி கிடைத்துவிட்டது. இனி அதற்கு அவசரம் இல்லை. ஓட்டின் உட்புறம் படர்ந்திருக்கும் ரத்தக் குழாய்களில் ஓடும் ரத்தம் முழுவதும் குஞ்சின் உடம்புக்குள் திரும்ப வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள் கரு, தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, வழி மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்குத் தீர்க்கிற வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், இருபத்துநாலு மணி நேரமும் ஆகலாம். அதற்குள் நாம் இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால், திரும்பாத ரத்தம் வெளியே ஒழுகிவிடும். உள்ளே போகாத மஞ்சள் கரு வெளியே தொங்கும். அப்படி உதவி பெற்றுச் செத்த குஞ்சுகளுக்குக் கணக்கில்லை.

இது பெரியம்மாவுக்குத் தெரியாததா? ஐம்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறவள். பொரிக்கிற முட்டையில் கை வைத்த குழந்தைகளை அவள் விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவள் அந்தத் திங்கட்கிழமை இரவு பதினோரு மணிக்குப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு முட்டையை எடுத்து, கட்டைவிரல் நகத்தைக் கீறலில் வைத்துவிட்டாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். மூத்தவளின் கையை அப்படிப் பிடித்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

"வுடு தம்பி. எனக்கு மனசு கேக்கல."

"உள்ள ரத்தம் ஓடிக்கிட்டிருக்கும், பெரியம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அன்னைக்கு அதுவளைக் கூட்டுல அடைச்சுக் கல்லை வச்சுட்டு வந்தவ நாந்தானே? தொறந்து வுட்டிருந்தா எங்கனயாச்சும் பறந்து பொழச்சிருக்கும்."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை. அந்தக் காற்றில் திறந்து விட்டிருந்தால் ஒன்றும் பிழைத்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் அந்த நேரத்தில் அது ஒரு வாதம், ஆறுதல் அல்ல. முட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, கீறல் மேல் பார்க்கும்படி பெட்டியில் வைத்து மூடினேன். என் மனைவி எழுந்து வந்து அவளுக்குக் கொஞ்சம் வெந்நீர் கொடுத்தாள். மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் தன் கோழிகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்: எது எந்த வேலியில் முட்டையிடும், எது அடுத்த வீட்டு வைக்கோற்போரில் திருட்டுத்தனமாக இட்டுவிட்டு வரும், எது அடைக்கு உட்கார்ந்தால் அவளையே கொத்த வரும் என்று. கைக்கு ஏதாவது வேலை இருந்தால் நல்லதென்று அவளிடம் தூக்குவாளிப் பொறுப்பை ஒப்படைத்தேன். அதன்பின் மணிக் கணக்குத் தவறாமல் அவளே மாற்றினாள்.

இரண்டரை மணி இருக்கும். பெட்டிக்குள் ஒரு புதுச் சத்தம். ஓடு நறுக்நறுக்கென்று உடைகிற சத்தம். டார்ச்சை அடித்துக் கண்ணாடிச் சில் வழியே பார்த்தோம். ஒரு முட்டையில் கீறல் நீண்டு கோடாகியிருந்தது. குஞ்சு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டு, அகன்ற முனையைச் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் வெட்டிக்கொண்டே போகிறது. தகர டப்பாவைத் திறப்பதுபோல! உந்தும், ஓயும், மறுபடி உந்தும். முக்கால் பங்கு சுற்றியதும் கால்களை ஊன்றி ஒரு தள்ளு. தொப்பி கழன்றது. ஈரமும் சளியுமாக, பார்க்கச் சகிக்காத ஓர் உருவம் வெளியே விழுந்து, பக்கத்து முட்டையின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வீட்டில் யாரும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஏழு வந்துவிட்டன. முதலில் வந்தவை மற்ற முட்டைகளை உருட்டி மிதித்துக்கொண்டு திரிந்தன. அதனால் கெடுதல் இல்லை. அவற்றை உடனே எடுத்துவிட வேண்டும் என்று துடிக்க வேண்டியதுமில்லை. உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அவற்றுக்கு இரண்டு நாளைக்கு மேல் தாங்கும் கட்டுச்சோறு. பொரிப்பகங்களிலிருந்து ஒரு நாள் வயதான குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் இரை வைக்காமலே வெளியூருக்கு அனுப்புவது இந்தப் பலத்தில்தான். உலர்ந்து பஞ்சாகிற வரையில் உள்ளேயே விட்டுவைத்தோம்.

எட்டாவதுதான் சிக்கல். திங்கட்கிழமை மாலையிலேயே கீறல் விழுந்த முட்டை அது. கீறல் விழுந்த இடம் அகன்ற முனை அல்ல. கூரான முனைக்கு அருகில். குஞ்சு தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதன்கிழமை காலை ஆகியும் ஒரு நூல்கூட நகரவில்லை. துளையின் ஓரத்தில் சவ்வு பழுப்பேறிக் காய்ந்து, பழைய ஓலைச்சுவடிபோல ஆகியிருந்தது. முதலில் உரக்கக் கத்திக்கொண்டிருந்தது. இப்போது விட்டுவிட்டு ஈனமாக ஒரு குரல். முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெரியம்மா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் கையைப் பிடிக்கவில்லை. "நீங்களே பண்ணுங்க, பெரியம்மா. உங்க விரல்தான் பழகின விரல்" என்றேன்.

கதவைச் சாத்திக் காற்றை அடைத்தோம். என் மனைவி வெந்நீரை விளாவி வந்தாள். பெரியம்மா பஞ்சை நனைத்து, மூக்குத் துளையில் தண்ணீர் இறங்காமல், சவ்வை மட்டும் தொட்டுத் தொட்டு ஈரப்படுத்தினாள். நான் டார்ச் பிடித்தேன். நகத்தின் நுனியால் உளுந்தளவு உளுந்தளவாக ஓட்டை எடுத்தாள். ஓடு போன இடத்தில் ஈரச் சவ்வுக்கு அடியில் சிவப்பு நரம்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனோம். கால் வட்டம் எடுத்ததும் ஓர் இடத்தில் குண்டூசித் தலை அளவு ரத்தம் துளிர்த்தது. உடனே நிறுத்தினாள். நான் சொல்லவே இல்லை. ஈரத் துணியைச் சுற்றிப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது நரம்புகள் வெளுத்திருந்தன. மீதி வட்டத்தையும் எடுத்து, தலையைச் சவ்விலிருந்து விடுவித்தாள். கீழ்ப் பாதியைத் தொடவில்லை. "காலை வுதைச்சு அதுவே வரட்டும். அப்பத்தான் கால் நிக்கும்" என்றாள். மத்தியானத்துக்கு மேல் அது உதைத்துக்கொண்டு வெளியே வந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. ஒரு நாள் முழுக்கத் தள்ளாடியது.

கீறலே விழாத மூன்றையும் வியாழன்வரை வைத்திருந்துவிட்டு எடுத்தோம். ஒன்று பாதி வளர்ச்சியில் நின்றது. இரண்டு முழுக் குஞ்சுகள். அலகு காற்றறையைத் தொடுகிற இடம்வரை வந்துவிட்டிருந்தன. புயல் இரவின் குளிரா, வேறு காரணமா என்பதைச் சொல்ல யாராலும் முடியாது. பெரியம்மா அவற்றை வேரோடு சாய்ந்த ஒரு தென்னையின் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள்.

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். மின்சாரம் இல்லாத வீட்டில் அதற்கும் தூக்குவாளிதான். கூடையின் நடுவில் கம்பளி சுற்றிய வெந்நீர்த் தூக்கை வைத்தால், எட்டும் அதைத் தாய் என்று நம்பி ஒட்டிக்கொண்டு நின்றன. மஞ்சள் கலந்த தண்ணீரும் நொய்யும் பொடித்த கம்பும் கொடுத்தாள். எங்கள் தெருவில் விளக்கு எரிய மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் பெரியம்மா கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பஞ்சாரம் காற்றோடு போய்விட்டதால், துணி போடுகிற பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

எட்டில் ஐந்து பெட்டை, மூன்று சேவல். மறு வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. நகம் வைத்து உரித்தெடுத்த அந்தச் சின்னதுதான். பெரியம்மா வந்து பெட்டியிலிருந்த இரும்புத் துண்டைத் திரும்பக் கேட்டாள். பரணில் ஏறி எடுத்துக் கொடுத்தேன்.